நீலக்கண் பதினேழு

மதியம் இரண்டு நாற்பதுக்கு அந்தக் கிடங்கில் இருந்தவர்கள்:

முதலாளி. நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி. முப்பது வருடமாக மரப்பெட்டி அடிக்கிறவர். வாயில் எப்போதும் இரண்டு ஆணி இருக்கும். அதனால் பேச்சு குறைவு.

பட்டைக்காரர். பெட்டியைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவது இவர் வேலை. அந்த வேலை முடிந்துவிட்டதால் மருந்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருந்துக்காரர். கப்பலுக்குப் போகும் கன்டெய்னருக்குள் பூச்சி கொல்லும் வாயுவை விடுகிறவர். வலது கை சிலிண்டர் வால்வின் மேல் இருந்தது.

என் மாமியார். உடைந்த சரக்கைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுக்கும் சர்வேயராக இருபத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதைத்தான் நிறுத்தினார். பார்ப்பதை நிறுத்தவில்லை.

நான். அவருடைய ஒரே மருமகன். இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டதால் பகலில் அவருக்கு உதவியாள். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. என்னைத் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

இருக்க வேண்டிய ஒருத்தி இல்லை. இந்தக் கிடங்கின் செக்கர், சரக்கைச் சரிபார்க்கிறவள். பட்டைக்காரரின் தங்கை.

"வால்வுல இருந்து கையை எடுப்பா" என்றார் மாமியார். உள்ளே நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மருந்துக்காரர் கையை எடுத்தார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் எடுப்பார்கள். நான் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

"யார் மேடம் நீங்க? மூணு மணிக்கு மருந்து அடிச்சு முடிக்கணும். ஆறு மணிக்கு வண்டி துறைமுக கேட்ல நிக்கணும்" என்றார் முதலாளி.

"உங்க செக்கர் நேத்து எனக்கு போன் பண்ணுச்சு. இன்னிக்கு ரெண்டரைக்கு வரச் சொல்லுச்சு. எங்க அது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பன்னிரண்டு மணியில இருந்து ஆளைக் காணோம். சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிருக்கும்."

மாமியார் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு செருப்பு அலமாரி. வேலைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு முனை வைத்த ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் வரிசையில் ஒரே ஒரு ஜோடி. வார் அறுந்து ஊக்கு குத்திய பழுப்புச் செருப்பு.

"இது யாரோடது?"

"பாப்பாவோடது" என்றார் பட்டைக்காரர். மாமியாருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னார். "தங்கச்சியோடது."

"அஞ்சு கிலோ ஷூவைப் போட்டுக்கிட்டு யாராவது வீட்டுக்கு ஓடுவாங்களா?" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பயந்தால் எனக்கு வாய் நிற்காது. மாமியாருக்கு இது தெரியும். அவர் பயந்தால் வாய் மூடிக்கொள்ளும். இப்போது மூடியிருந்தது.

நேற்று போனில் அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். பதினெட்டு இன்குபேட்டர்கள் வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துக் காப்பாற்றும் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் தனித்தனி மரப்பெட்டியில் அடைத்து, மூடி மேல் ஒரு ஷாக் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதன் நடுவில் சின்னக் குழாய் இருக்கும். பெட்டி கீழே விழுந்தால் குழாய் சிவப்பாகிவிடும். பிறகு வெள்ளையாகவே ஆகாது. சிவப்புப் பெட்டியை அனுப்பக்கூடாது. அதுதான் விதி. நேற்று காலை அவள் வந்தபோது ஒரு பெட்டி சிவப்பாக இருந்தது. யார் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. அதையும் ஸ்டிக்கர் மாற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். 'உள்ள இருக்கற மெஷின் கோளாறானா அதுக்குள்ள படுக்கற குழந்தைக்கு வாய் விட்டுச் சொல்லத் தெரியாதும்மா' என்றாளாம்.

"கன்டெய்னர்ல எத்தனை பெட்டி?" மாமியார் கேட்டார்.

"பதினெட்டு" என்றார் முதலாளி. "முழு சரக்கு. எல்லாத்துலயும் வெள்ளை ஸ்டிக்கர். மேஸ்திரியே ஏத்தினார்."

மேஸ்திரி தலையாட்டினார். ஆணி அசைந்தது.

"மாப்பிள்ளை, கிடங்கை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. தார்பாய் போட்டிருக்கற எதையும் விடாதீங்க."

நான் சுற்றினேன். ஃபோம் சுருள்கள், அட்டைக் குவியல், ஆணி டப்பாக்கள். கழிவறைக்குப் பின்னால் மடிந்து கிடந்த நீலத் தார்பாய்க்கு அடியில் இடுப்பளவு உயரத்தில் ஏதோ இருந்தது. தார்பாயைத் தொடுவதற்கு முன் நான் மூன்று முறை மூச்சு விட்டேன். உள்ளே அந்தப் பெண் இருப்பாள் என்று நினைத்தேன். இழுத்தேன்.

கண்ணாடி. அதற்குள் ஒரு சின்ன மெத்தை. காலில் நான்கு சக்கரம். ஒரு பக்கக் கண்ணாடியில் குறுக்கே நீளமாக விரிசல்.

தள்ளிக்கொண்டே கொண்டு வந்தேன். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது.

மாமியார் அதைப் பார்த்தார். பிறகு மூடிய கன்டெய்னரைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை மெஷின் வந்துச்சு?"

"பதினெட்டு" என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது.

"பதினெட்டு மெஷின். அதுல ஒண்ணு இதோ வெளிய நிக்குது. உள்ள பதினெட்டு பெட்டி இருக்கு." மாமியார் விரல் விட்டு எண்ணவில்லை. தேவையில்லை. "அப்போ ஒரு பெட்டியில மெஷின் இல்ல. அதுல என்ன இருக்கு?"

மருந்துக்காரர் சிலிண்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இந்த மருந்துக்கு வாசனை கிடையாதும்மா" என்றார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "உள்ள இருக்கற எலிக்குக்கூடத் தெரியாது. தூங்கறாப்பல இருக்கும்."

"கதவைத் திற" என்றார் மாமியார்.

கதவைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்துத் திறந்தார்கள். உள்ளே இருட்டு. இரண்டு வரிசைப் பெட்டிகள், வரிசைக்கு ஒன்பது. ஆட்டத்தில் மோதிக்கொள்ளாமல் இருக்க இடைவெளியெல்லாம் காற்றுப் பைகள் ஊதித் திணித்திருந்தன. பெட்டிகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு ஆள் தவழும் அளவுக்கு இடம்.

"அம்மாடி!" என்று கத்தினார் மாமியார். "உள்ள இருந்தா தட்டு!"

ஒன்றும் இல்லை.

"கேக்காது" என்றார் மேஸ்திரி. ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "ஆறு பக்கமும் நாலு விரல் ஃபோம். உதைச்சாலும் கேக்காது. நல்லா அடைச்ச பெட்டி அப்படித்தான்."

"எல்லாத்தையும் இறக்குங்க!"

"இறக்க ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் முதலாளி. இந்த முறை அது மறுப்பு இல்லை. கெஞ்சல்.

"பெட்டிக்குள்ள மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் மேஸ்திரி?"

அவர் திரும்பிக் கடப்பாரையைத் தேடினார். அடைக்கத் தெரிந்தவருக்குக் கணக்கும் தெரியும்.

அதற்குள் பட்டைக்காரர் தாவி ஏறிவிட்டார். போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளின் மேலே கைகால் ஊன்றிக் கடைசிவரை ஓடினார். மூடி ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நின்று நின்று நகர்ந்தது. திரும்பி வந்தார். வாசலில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எல்லாமே வெள்ளையா இருக்கு" என்றார். "எல்லாமே வெள்ளை."

பாவம், தங்கையைக் காணாத நேரத்திலும் வேலைப் புத்தி போகவில்லை என்று நினைத்தேன். மாமியார் அவரை ஒரு நொடி பார்த்தார். அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, நீங்க ஏறுங்க."

"நானா அத்தை?"

"எனக்கு முட்டி வலி. உங்களுக்கு உடம்புல முட்டி மட்டும்தான் இருக்கு. ஏறுங்க. மூடியில ஷாக் ஸ்டிக்கருக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி வட்டம் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுக்கு. அதைப் பாருங்க."

"அது என்ன?"

"ஈரக்கண். கப்பல்ல ஈரம் ஏறினா மெஷின் கெட்டுடும்னு வைக்கறது. உள்ள காஞ்சிருந்தா நீலம். ஈரமிருந்தா ரோஸ்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மெஷின் மூச்சு விடாது மாப்பிள்ளை."

போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு நான் ஏறினேன்.

இரவு ஷிப்டில் இருந்தபோது இருட்டு எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது வேறு இருட்டு. இது மரப்பொடியும் பெயின்டும் நாறும் இருட்டு. ஈரம் உறிஞ்சுவதற்காகக் கூரையிலிருந்து தொங்கவிட்ட பைகள் என் முதுகைத் தடவின. ஒவ்வொரு முறையும் யாரோ கை வைத்தது போல இருந்தது. மருந்துக் குழாயின் முனை கதவோரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வால்வு மூடித்தான் இருக்குங்க!" மருந்துக்காரர் வெளியிலிருந்து தைரியம் சொன்னார்.

"நம்பறேன்! ஆனாலும் அதுல இருந்து தள்ளியே நில்லுங்க!"

முதல் பெட்டி. நீலம். இரண்டாவது நீலம். மூன்று, நான்கு நீலம். "நீலம் அஞ்சு!" என்று கத்தினேன். எண்ணினால் பயம் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கன்டெய்னருக்குள் தவழ்ந்து பார்த்ததில்லை.

எட்டாவது பெட்டியில் என் முட்டி வழுக்கி இடைவெளியில் இறங்கியது.

புஸ்ஸ்ஸ்.

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். வாசனை இல்லை. வாசனை வராது என்று அவரே சொன்னார். தூங்கறாப்பல இருக்கும் என்றும் சொன்னார். என் மகளின் பள்ளிக்கூடப் பை ஏனோ ஞாபகம் வந்தது.

"அத்தை! சத்தம் வருது!"

"காத்துப் பையை மிதிச்சுக் கிழிச்சிருக்கீங்க மாப்பிள்ளை! அடுத்ததைப் பாருங்க!"

மூச்சு விட்டேன். அது வெறும் காற்று. நகர்ந்தேன். வலது வரிசை முடிந்தது. ஒன்பதும் நீலம். கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பி இடது வரிசையில் வந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாம் நீலம்.

பதின்மூன்றாவது பெட்டியின் கண் ரோஸ்.

வெளிச்சத்தை அருகில் கொண்டு போனேன். அந்தப் பொத்தான் கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்தது. தெளிந்தது. மறுபடி படர்ந்தது.

"அத்தை" என்றேன். கத்த வரவில்லை. "இது மூச்சு விடுது."

அதற்குப் பிறகு மேஸ்திரி எப்படி உள்ளே வந்தார் என்று எனக்குத் தெரியாது. கடப்பாரையோடு வந்தார். பட்டையை வெட்டி, மூடியை நெம்பித் தூக்கினார். முப்பது வருடத்தில் தான் அடித்த எந்தப் பெட்டியையும் அவ்வளவு வேகமாக உடைத்திருக்க மாட்டார்.

அவள் முழங்காலை மடக்கிக் குறுகிக் கிடந்தாள். கை முன்னால் கட்டப்பட்டிருந்தது. வாயில் டேப். மூக்கு அந்த ஈரக்கண்ணுக்கு நேராக இருந்தது. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் இமைத்தாள்.

வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தோம். கைக்கட்டை அவிழ்த்து, வாயிலிருந்த டேப்பைப் பிரித்ததும் அவள் முதலில் கேட்டது, "மணி என்ன?"

"மூணு அடிச்சு நாலு நிமிஷம்" என்றார் மாமியார்.

"மூணு மணிக்கு மருந்துன்னு தெரியும்" என்றாள். "அந்தக் கண்ணுல மூக்கால ஊதிக்கிட்டே இருந்தேன். யாராவது பாத்தா ரோஸா இருக்கும்னு. யாரும் பாக்க மாட்டாங்கன்னும் தெரியும்." மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "ஏத்தினதுக்கு அப்புறம் அதை யாரும் பாக்கறதே இல்லம்மா."

பட்டைக்காரர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"யாரும்மா அடைச்சது?"

"பாக்கல. மத்தவங்க சாப்பிடப் போயிருந்தாங்க. சிவப்புப் பெட்டி திறந்து கிடந்துச்சு, உள்ள மெஷின் இல்ல. குனிஞ்சேன். பின்னால இருந்து கம்பளியைப் போட்டு மூடிட்டாங்க." அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். பார்த்த விதம் நன்றாக இல்லை.

முதலாளியும் அவரைப் பார்த்தார். மருந்துக்காரரும். கடப்பாரை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஸ்டிக்கரை மாத்தினது நான்தான்" என்றார் மேஸ்திரி. "முதலாளி பதினெட்டும் போகணும்னார். சிவப்பை உரிச்சுட்டு வெள்ளை ஒட்டினேன். பட்டை போட்டு ரெடியா இருந்துச்சு, தூக்கி வச்சேன். மெஷின் உள்ள இருக்குன்னுதான் நினைச்சேன். சத்தியமா."

"யோவ்!" என்று பாய்ந்தார் பட்டைக்காரர். "என் தங்கச்சியை நீ…"

"உக்காரு" என்றார் மாமியார்.

உட்கார்ந்தார்.

மாமியார் பெட்டிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்திருந்தார். தலைப்பக்கம் இரண்டு மடங்கு ஃபோம். முதுகுக்கு ஒரு காற்றுப் பை. ஒரு தண்ணீர் பாட்டில்.

"கொல்ல நினைக்கறவன் தலைக்கு ஃபோம் வைக்க மாட்டான். இதை அடைச்சவன் சரக்கு சேதமாகக்கூடாதுன்னு பாத்திருக்கான். பெட்டி ரெண்டு மணி நேரம் இங்கயே நிக்கும், நான் வந்து பாத்துட்டுப் போனதும் திறந்து விட்டுடலாம்னு நினைச்சிருக்கான். ஏன் இங்கயே நிக்கும்? ஏன்னா அது சிவப்பு. சிவப்பு போகாது. அதுதான் விதி." அவர் பட்டைக்காரர் பக்கம் திரும்பினார். "நீ உள்ள ஏறினப்போ ஒரு தடவையாவது தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியா?"

அவர் வாயைத் திறந்தார்.

"கூப்பிடல. மூடி மூடியா ஸ்டிக்கரைப் பாத்த. வந்து, எல்லாமே வெள்ளைன்னு சொன்ன. வெள்ளையா இருந்தா நல்லதுதானே, எதுக்கு உதடு வெளுக்கணும்? மேஸ்திரிக்கு அது வெள்ளையாயிட்டது தெரியும். முதலாளிக்கும் தெரியும். சிவப்பைத் தேடி ஏமாந்த ஒரே ஆள் நீ. பெட்டியைத் தள்ளினதும் நீதான். வேலை போயிடும்னு உடைஞ்ச மெஷினை ஒளிச்ச. அந்த நேரத்துல இந்தப் பொண்ணு வந்து நின்னுடுச்சு. நான் வர்றதையும் அண்ணன்கிட்ட சொல்லாமயா இருந்திருக்கும்?"

கிடங்கின் கூரைத் தகரம் வெயிலில் டக்கென்று ஒலித்தது. நான் துள்ளினேன்.

"அண்ணா?" என்றாள் செக்கர்.

"ரெண்டு மணி நேரம்தான் பாப்பா" என்றார் அவர். "சாப்பிட்டுட்டு வந்து பாத்தா பெட்டியைக் காணோம். எல்லாத்தையும் ஏத்திட்டாங்க. மருந்து அடிக்கறதுக்குள்ள சொல்லியிருப்பேன். கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

மருந்துக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இந்தம்மா வந்தப்போ நான் வால்வைத் திருகப் போனேன்பா. நீதான் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்ன."

பட்டைக்காரர் தன் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அன்று முழுவதிலும் அதிகம் பயம் வந்தது. கன்டெய்னருக்குள்கூட அவ்வளவு வரவில்லை.

மாமியார் போலீசுக்குப் போன் போட்டார். முதலாளியையும் மேஸ்திரியையும் எங்கும் நகரக்கூடாது என்று சொன்னார். இருவரும் நகரவில்லை.

செக்கர் எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிடங்கின் மூலையில் கம்பி வலைக்குப் பதில் தகரம் அடித்த ஒரு சின்ன அறை. சேதமான சரக்கை வைக்கும் இடம். அதன் சாவி எப்போதும் செக்கரிடம்தான் இருக்கும். சேதமானதை உள்ளே வைத்துப் பூட்டுவது அவள் வேலை.

கதவைத் திறந்து பிடித்தாள். பட்டைக்காரர் எழுந்து நடந்து உள்ளே போனார். யாரும் தள்ளவில்லை.

"பாப்பா" என்றார் உள்ளேயிருந்து. "தண்ணி பாட்டில் வச்சேன்ல?"

"கையைக் கட்டிட்டு வச்ச" என்றாள்.

திரும்பி வந்து தரையில் இருந்த பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்கப்படாத பாட்டில். அதை அறைக்குள் அவர் காலடியில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்று சுற்றி, பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.